ஜெனீவா வழியா நாமக்கல்

வா கண்ணு, உக்காரு. பத்தாவது முடிச்சுட்டயாமே. உங்கொப்பன் நேத்துத்தான் சொல்லிப்போட்டுப் போனான். இனி ஸ்டேட் போர்டும் வேண்டாமாம், சிபிஎஸ்இயும் வேண்டாமாம், உன்னை ஐபியில சேக்கப் போறானாம். பள்ளிக்கூடத்துக்காரங்க குடுத்த புஸ்தகத்தைக் கொண்டாந்து காட்டினான். வழுவழுன்னு நல்ல காயிதம். அட்டையில குதிரை. உள்ள நீச்சல் குளம். நடுப்பக்கம் பூரா புல்லு. எங்கயாச்சும் ஒரு புள்ளை உக்காந்து படிக்குதான்னு கண்ணாடியை மாட்டிக்கிட்டுத் தேடினேன். கடைசிப் பக்கம் வரைக்கும் காணோம். பீஸ் எத்தனைன்னு தேடினேன். அதுவும் காணோம்.

"ஐபின்னா என்னடா?"ன்னு கேட்டேன். "இன்டர்நேஷனல்"னான். "அதுல என்ன எச்சாச் சொல்லித் தர்றாங்க?"ன்னேன். "ஏசி பஸ்ஸுங்க"ன்னான்.

அவன் மேல தப்பில்லை. வாங்கறவனுக்கு என்ன வாங்கறோம்னு தெரியாத சரக்குக்குத்தான் எப்பவும் வெலை ஜாஸ்தி. அதனால கெழவன் சொல்றேன், சித்த கேளு. உனக்கு எப்படித் தெரியும்னு கேக்கறயா? கேளு, கேக்கோணும். அந்தக் கேள்விக்குன்னே அங்க ஒரு பாடம் வெச்சிருக்காங்க, பின்னால வர்றேன். என் மகளோட பையன் அதுல ரெண்டு வருசம் படிச்சான். லீவு விட்டாப் போதும், இந்தத் திண்ணையில லேப்டாப்பை விரிச்சுக்குவான். அவன் வாய் விட்டுப் படிச்சது பாதி, என்னை நோண்டி நோண்டிக் கேட்டது பாதி. ரெண்டு வருசமும் நான் பீஸ் கட்டாமப் படிச்சேன்.

மொதல்ல இது எங்கிருந்து வந்துதுன்னு தெரிஞ்சுக்க. சுவிட்சர்லாந்துல ஜெனீவான்னு ஒரு ஊரு. மொத உலகப்போர் முடிஞ்சு நாடுகளெல்லாம் சேந்து ஒரு சங்கம் வெச்சு, அங்க ஆபீசு போட்டாங்க. நாலு தேசத்து ஆளுங்க குடும்பத்தோட வந்து சேந்தாங்க. அவங்க புள்ளைங்களுக்குன்னு 1924ல ஒரு சர்வதேசப் பள்ளிக்கூடம் வந்துது. இன்னைக்கு அப்பன் ஜெனீவாவுல இருப்பான், நாளைக்கு நைரோபிக்கு மாத்துவாங்க, நாளான்னைக்கு பாங்காக். பிரான்சுப் பரிச்சை எழுதினா இங்கிலாந்துல இடம் கெடைக்கறது கஷ்டம், இங்கிலாந்துப் பரிச்சை எழுதினா அமெரிக்காவுல கஷ்டம். எந்தப் பரிச்சைக்குப் படிக்கிறது? அந்தப் பள்ளிக்கூடத்து வாத்தியாருங்க உக்காந்து ரோசனை பண்ணினாங்க. எல்லா தேசத்துக் காலேஜும் ஒத்துக்கற மாதிரி ஒரே பரிச்சை. 1968ல அதுக்குன்னு ஜெனீவாவுல ஒரு அமைப்பைப் பதிஞ்சாங்க. அதுதான் இன்டர்நேஷனல் பாக்கலாரியேட், உங்கொப்பன் வாயில ஐபி.

இதுல நக்கல் பண்ண ஒண்ணுமில்லை கண்ணு, நியாயமான சோலி. நான் கால்சட்டை போட்ட வயசுல சந்தையில வள்ளமும் படியும்தான். ஒரு வள்ளம்னா நாலு படி. ஆனா எந்தப் படி? சின்னப்படியா, பெரிய படியா? ஒரு சந்தையில அளந்த சோளம் அடுத்த சந்தையில கொறஞ்சு நிக்கும். 1956ல சட்டம் போட்டு, அடுத்த அஞ்சாறு வருசத்துல கிலோவும் லிட்டரும் வந்துது. எங்கப்பாரு சாகற வரைக்கும் கிலோவை நம்பல. ஆனா வெளியூருக்கு லோடு ஏத்தினவனுக்குத்தான் அதோட அருமை தெரியும். எந்த ஊர்ல எறக்கினாலும் கிலோ கிலோதான்.

ஐபியும் அப்படித்தான். ஊர் ஊராப் போற புள்ளைக்கு ஊர் ஊருக்கும் செல்லற அளவு. இப்பச் சொல்லு. உங்கொப்பன் எங்கே மாத்தலாகிப் போறான்? அவன் உடுமலையை விட்டு நகந்தா கோயமுத்தூரு, கோயமுத்தூரை விட்டு நகந்தா உடுமலை. நடுவுல பொள்ளாச்சியில ஒரு டீ. அதுக்கு ஜெனீவாக் கணக்கு எதுக்குடா?

கோயிச்சுக்காதே. நீ வெளிநாடு போவே, அது வேற பழமை. அதுக்கும் வர்றேன்.

இது நேத்து வந்த புதுசுன்னு உங்கொப்பன் நெனச்சுட்டிருக்கான். நம்ம தலைக்கு மேல, பழனிமலை உச்சியில, கொடைக்கானல்ல ஒரு பள்ளிக்கூடம் இருக்குது. 1901ல அமெரிக்கப் பாதிரிமாருங்க அவங்க புள்ளைங்களுக்காக ஆரம்பிச்சது. ஹைகிளர்க்குன்னு அப்பப் பேரு. இப்பக் கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல். 1976ல இந்தியாவுலயே மொத ஐபி பள்ளிக்கூடம் அதுதான். அந்த வருசமெல்லாம் நாங்க மலையடிவாரத்துல தக்காளி பறிச்சுட்டிருந்தோம். மேல என்ன படிக்கிறாங்கன்னு ஒருத்தனும் கேக்கல. அப்பறம் நாப்பது வருசம் கழிச்சுக் கோயமுத்தூருல பெரிய பெரிய கண்ணாடிக் கட்டடத்துல போர்டு மாட்டினாங்க. அப்பத்தான் நம்மாளுக்குப் புள்ளை மேல பாசம் பொங்கிருச்சு.

நம்மாளைப் பத்தி எனக்குத் தெரியாதா? எங்க காலத்துல ஊருக்குள்ள எல்லாரும் ஒரே ஓட்டுப் பள்ளிக்கூடம். பண்ணாடி மகனும் அங்கதான், பண்ணயத்தாளு மகனும் அங்கதான். அப்பறம் மெட்ரிகுலேஷன் வந்துது. வேன் வெச்சுக் கூட்டிட்டுப் போனாங்க, கழுத்துல டை கட்டினாங்க. டை கட்டின புள்ளையைப் பெத்தவன் கல்யாண வீட்டுல முன்வரிசையில உக்காந்தான். 2010ல சமச்சீர்னு சட்டம் வந்து, மெட்ரிகுலேஷனுக்கும் கவர்மென்டுப் பள்ளிக்கூடத்துக்கும் ஒரே பொஸ்தகம்னு ஆச்சு. அடுத்த வருசமே நம்மாளுங்க சிபிஎஸ்இக்குத் தாவினாங்க. சிபிஎஸ்இ பள்ளிக்கூடம் தாலுகாவுக்குத் தாலுகா வந்துது. உடனே இன்டர்நேஷனல். பக்கத்து வூட்டுப் புள்ளை படிக்காத பொஸ்தகம் எதுவோ அதுதான் ஒசந்த பொஸ்தகம். நாளைக்கு எல்லாரும் ஐபிக்கு வந்துட்டா என்ன பண்ணுவாங்கன்னு நெனைக்கறே? செவ்வாய்க் கெரகத்துல சிலபஸ் இருக்கான்னு தேடுவாங்க.

இன்னொரு வேடிக்கை. நம்ம பக்கம் "ஏ லெவல்"னு சொன்னா ஆளு ஒரு அடி ஒசந்து நிக்கறான். கடல் தாண்டி யாழ்ப்பாணத்துல போய்ச் சொல்லு பாக்கலாம். அங்க ஏ லெவல்ங்கறது சாதாரணப் புள்ளைங்க எழுதற ஊர்ப் பரிச்சை. கவர்மென்டுப் பள்ளிக்கூடத்துல, பீஸ் இல்லாம, தமிழ்லயே எழுதறாங்க. அதோட மூதாதை இங்கிலாந்துப் பரிச்சைதான், இப்ப அவங்க தேசத்துப் பரிச்சையாயிருச்சு. சிங்கப்பூருல கேம்பிரிட்ஜோட சேந்தே நடத்தற ஓ லெவல்ல தமிழ் ஒரு பாடம். அங்க ஒருத்தனும் அதுக்காகக் காலர் தூக்கறதில்லை. கேம்பிரிட்ஜ்காரங்க சும்மா இல்லை கண்ணு, 1858ல இருந்து பரிச்சை நடத்தறாங்க, 1863லயே கப்பல்ல ஏத்தி டிரினிடாடுக்கு அனுப்பினவங்க. அமெரிக்காக்காரனுக்கு ஏபின்னு ஒண்ணு இருக்குது, அஞ்சு மார்க்குக்கு. காலேஜுல படிக்க வேண்டியதை ஸ்கூல்லயே படிச்சு, அங்க போய் ஒண்ணு ரெண்டு பாடத்தைத் தாண்டிக்கலாம். ஏ லெவல்னா மூணோ நாலோ பாடம், ஆழமா. ஐபின்னா ஆறு பாடம், அகலமா. இன்னது படிக்கோணும்னு தெரிஞ்சவனுக்கு ஏ லெவலே போதும். இன்னதுன்னு தெரியாதவனுக்கு ஆறு நல்லது. தெரியாதவனை "எல்லாத்துலயும் ஆர்வம்"னு சொல்லிக்கலாம்.

ஐபிக்குள்ள என்ன இருக்குதுன்னு பாப்போம். ஆறு பாடம். தாய்மொழி மாதிரி ஒரு மொழி, படிச்சுக்கற மொழி ஒண்ணு, வரலாறோ பொருளாதாரமோ ஒண்ணு, விஞ்ஞானம் ஒண்ணு, கணக்கு ஒண்ணு. ஆறாவது, படம் வரையறதோ நாடகமோ. அது வேண்டாம்னா அந்த எடத்துல இன்னொரு விஞ்ஞானம் எடுத்துக்கலாம். அதுல மூணு பாடம் பெரிய அளவுல, பாடத்துக்கு 240 மணி நேரம். மூணு சின்ன அளவுல, 150 மணி நேரம். ஒவ்வொண்ணுக்கும் 7 மார்க்கு. ஆறேழு நாப்பத்திரண்டு. கூட மூணு மார்க்கு, அதைப் பின்னால சொல்றேன். ஆக மொத்தம் 45. இருபத்திநாலு எடுத்து, இன்னும் சில நிபந்தனை தேறினா பாஸு. உலகம் பூரா எழுதற புள்ளைங்க சராசரி முப்பதை ஒட்டித்தான் நிக்கும்.

இந்தக் கணக்கு நம்ம ஊருக்கு ஒத்து வருமா? என் பேரன் 34 வாங்கினான். அவங்க பள்ளிக்கூடத்துல கைகுடுத்தாங்க, மகளுக்கு ஒரே சந்தோசம். அந்த வாரம் ஒரு சீருக்குப் போனோம். ஒரம்பரை சுத்தி உக்காந்திருக்குது. "மார்க்கு எத்தனைங்க?" "முப்பத்தினாலுங்க." ஒரு நிமிசம் யாரும் பேசலை. என் கொழுந்தியா மெல்ல என் மக கையைப் புடிச்சு, "போச்சாது விடு அம்மிணி, ஒரே மார்க்குல போயிருச்சு. மறுபடி எழுதினா முப்பத்தஞ்சு வாங்கிருவான்"னா. நான் ஒண்ணும் சொல்லல. லட்சலட்சமாக் கட்டி வாங்கின பெருமை, அந்தப் பந்தியில பாயசம் வர்றதுக்குள்ள தீந்து போச்சு.

அப்பறம் பத்துக் குணம்னு ஒண்ணு உண்டு. ஐபிப் புள்ளைக்கு இருக்க வேண்டிய லட்சணம்னு எழுதிச் செவுத்துல ஒட்டியிருப்பாங்க. ஆராயோணும், அறிவு வேணும், சிந்திக்கோணும், நல்லாப் பேசோணும், நேர்மை வேணும், தொறந்த மனசு வேணும், அக்கறை வேணும், துணிச்சல் வேணும், எதுலயும் ஒரு சமநெலை வேணும், பண்ணினதைத் திரும்பி நெனச்சுப் பாக்கோணும். பத்தும் ஒருத்தன்கிட்ட இருக்குதுன்னா கூட்டிட்டு வா, ஜாதகம் பாக்காமப் பொண்ணு குடுக்கச் சொல்றேன். ஒண்ணும் தப்பான குணமில்லை. ஆனா அந்தச் செவுத்துக்குக் கீழயே ரெண்டு புள்ளைங்க மார்க்குக்காகச் சண்டை போட்டுட்டு இருந்துதுன்னு பேரனே சொன்னான்.

இனி சேவை. காஸ்ங்கறாங்க. கலை, ஓட்டம் விளையாட்டு, ஊருக்கு ஒழைக்கிறது, மூணும் சேந்தது. பதினெட்டு மாசம் விடாமப் பண்ணோணும். அதுல ஒரு வேலையாச்சும் ஒரு மாசத்துக்குக் கொறையாம நடக்கோணும். மார்க்கு கெடையாது, ஆனா பண்ணலைன்னா பட்டயமும் கெடையாது. பேரன் என்ன பண்ணினான்? "அப்பச்சி, ஊர்ல மரம் நடறேன்"னான். கூட நாலு பேரு. ஊர்க் குட்டைக்கரையில எடம் காட்டினேன். சித்திரை வெயிலு. மண்ணு கல்லாட்டம். கடப்பாரையைத் தூக்கினானுங்க, கை செவந்துது, போட்டானுங்க. குழியெல்லாம் நானும் நம்ம பண்ணயத்து ஆளும் வெட்டினோம். செடியை வெக்கறப்ப வந்து நின்னு போட்டோ. தண்ணி ஊத்தறப்ப போட்டோ. கையில மண்ணை அப்பிக்கிட்டு ஒரு போட்டோ. ராத்திரி உக்காந்து எழுதினான். "என்னடா எழுதறே?" "இதுல நான் என்ன கத்துக்கிட்டேன்னு எழுதோணும் அப்பச்சி." "என்ன கத்துக்கிட்டே?" "விடாமுயற்சி." நான் உள்ள போய்ப் படுத்துட்டேன். குழி வெட்டின எனக்கு இடுப்பு வலி, விடாமுயற்சி அவனுக்கு.

ஆனா ஒண்ணு சொல்லோணும். அடுத்த லீவுக்கு வந்தப்ப பாதிச் செடி காஞ்சு போயிருந்துது. மறைக்காம அதையும் எழுதினான், எதுனால காஞ்சுதுன்னு எழுதினான். ஆட்டுக்காரருகிட்டப் போய்ப் பேசி முள்ளு வேலி போட்டான். அப்ப எந்த போட்டோவும் எடுக்கல. அந்தப் புங்கமரம் ரெண்டு இன்னும் நிக்குது, போறப்ப பாரு.

இப்ப நான் சொன்ன அந்தப் பாடம். "உனக்கு எப்படித் தெரியும்?"ங்கறதுக்கு ஒரு பாடம். டிஓகேன்னு மூணெழுத்து. அறிவுன்னா என்ன, நமக்குத் தெரிஞ்சது நெசமான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது, இதெல்லாம் ரெண்டு வருசம் பேசறாங்க. 1600 வார்த்தைக்கு ஒரு கட்டுரை. அதோட, வீட்டுல கெடக்கற மூணு சாமானத்தை எடுத்து வெச்சு, அவங்க குடுத்த முப்பத்தஞ்சு கேள்வியில ஒண்ணுக்கு 950 வார்த்தையில பதில் சொல்லோணும். நம்ம பையன் எடுத்த கேள்வி, "எதை அறிவுன்னு எடுத்துக்கலாம்?" வீடு பூராத் தேடி, பரண் மேல இருந்து எங்கப்பாரு வெச்சிருந்த பித்தளை வள்ளத்தை எறக்கினான். புளி போட்டுத் தேச்சான். நல்லா மின்னுச்சு. போட்டோ எடுத்தான். கிராமத்துல அளவுங்கறது நம்பிக்கையில நடந்துதுன்னு என்னென்னமோ எழுதிப் படிச்சுக் காட்டினான். இங்கிலீஷ் எனக்குப் பாதி புரியல. புரிஞ்ச பாதி நெம்ப ஒசத்தியா இருந்துது.

"உள்ள கைய உட்டு அடியைத் தடவிப் பாரு"ன்னேன்.

தடவினான். நடுவுல ஒரு சின்ன மேடு. கண்ணுக்குத் தெரியாது, வெரலுக்குத் தெரியும். அடிப்பக்கம் சுத்தியல்ல மெல்லத் தட்டி உள்ளே எழுப்பினது. அதுல அளந்து குடுத்தா, வள்ளத்துக்கு ஒரு கைப்பிடி கொறையும். எங்கப்பாரு அதை ஒரு ஏவாரிகிட்ட இருந்து புடுங்கிட்டு வந்ததா ஊருக்குச் சொல்லுவாரு. ஏவாரி வேற மாதிரிச் சொல்லுவாரு. பையன் கொஞ்ச நேரம் வள்ளத்தையே பாத்துட்டு இருந்தான். அப்பறம் எழுதினதை அழிச்சுப்போட்டு மொதல்ல இருந்து எழுதினான்.

அந்தப் பாடம் மட்டும் எனக்குப் புடிச்சுது கண்ணு. வாத்தியாரு யாரோ, அவரைக் கூட்டிட்டு வந்து இளநி வெட்டிக் குடுக்கோணும். ஆனா பாரு, "உனக்கு எப்படித் தெரியும்?"னு எதையும் கேக்கச் சொல்லித் தர்ற பள்ளிக்கூடத்துல, பீஸ் கட்டற அப்பன் ஒருத்தனாச்சும் ஆபீசுல நின்னு அந்தக் கேள்வியைக் கேட்டானா? "நூத்துக்கு நூறு புள்ளைக்கு வெளிநாட்டுல இடம்"னு போர்டு போட்டிருக்கறயே, உனக்கு எப்படித் தெரியும்? எந்த வெளிநாடு? எந்தக் காலேஜு? இடம் கெடைச்சுதா, இடம் கெடைச்சுப் போனானா, போய்ப் படிச்சு முடிச்சானா? இன்டர்நேஷனல் வள்ளமா இருந்தாலும் அடியைத் தடவிப் பாக்க வேண்டாமா?

ஐபி அமைப்பு லாப நோக்கம் இல்லாததுன்னு உங்கொப்பன் சொன்னான். நெசம்தான், ஜெனீவாவுல அப்படித்தான் பதிஞ்சிருக்காங்க. நம்மூருல பள்ளிக்கூடம் நடத்தறதும் டிரஸ்டுதான், அதுவும் லாபம் பாக்கக்கூடாது. அந்தப் பக்கமும் லாபம் இல்லை, இந்தப் பக்கமும் லாபம் இல்லை. நடுவுல, பீஸுக்குன்னு விக்கற உங்கொப்பனோட தென்னந்தோப்பு எங்க போகுதுன்னுதான் எனக்கு வெளங்கல.

மறந்துட்டேன் பாரு. 4000 வார்த்தைக்கு ஒரு பெரிய கட்டுரையும் உண்டு. அதுவும் அந்தத் தெரியுமா தெரியாதா பாடமும் சேந்துதான் அந்த மூணு மார்க்கு. ஒரே ஒரு கேள்வி எடுத்து, தானே தேடி, தானே எழுதோணும். இது நல்ல பழக்கம். காலேஜுக்குப் போய் மூணு வருசம் கழிச்சும் நம்ம புள்ளைங்க ரெண்டு பக்கம் சொந்தமா எழுதத் தெரியாம முழிக்குதே, அதுக்கு இது மருந்து. இப்பக் கம்ப்யூட்டரே எழுதிக் குடுக்குதாமே. அதைக் கேட்டு வாங்கினா, கேட்டு வாங்கினேன்னு அடியில குறிச்சுப்போடோணும், நானே எழுதினதுன்னு காட்டக்கூடாதுன்னு 2023ல ஐபிக்காரங்க சொன்னாங்க. நல்ல சட்டம். எங்க காலத்துல பக்கத்துப் பையனைப் பாத்து எழுதினோம், அவன் பேரைக் கீழ போட ஒருத்தனுக்கும் தோணல.

ஜெனீவாக்காரன் பண்ணினா எல்லாம் சுத்தபத்தமா இருக்கும்னு நெனைக்காதே. 2020ல கொரோனா வந்தப்ப மே மாசப் பரிச்சையை ரத்துப் பண்ணிப்போட்டு, வருசத்துல பண்ணின வேலை, வாத்தியாரு போட்ட எதிர்பார்ப்பு மார்க்கு, பள்ளிக்கூடத்தோட பழைய கணக்கு எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல போட்டுக் கலக்கி மார்க்கு குடுத்தாங்க. உலகம் பூராப் புள்ளைங்க கூப்பாடு போட்டு, ஆகஸ்டுல திருத்தினாங்க. அதே வருசம் நம்ம கவர்மென்டு பத்தாவதுக்கு என்ன பண்ணுச்சு? காலாண்டு, அரையாண்டு மார்க்குல எண்பது சதம், வருகைப் பதிவுல இருபது சதம், எல்லாரும் பாஸு. சண்டை கொறைச்சல்தான். 2024 மே மாசம் இன்னொரு கூத்து. உலகத்தோட ஒரு பக்கத்துல பரிச்சை முடிஞ்சு வெளிய வந்த சில புள்ளைங்க, கேள்வியை இணையத்துல போட்டுருச்சுங்க. இன்னொரு பக்கத்துல அப்பத்தான் பொழுது விடியுது. சூரியன் எல்லா ஊர்லயும் ஒரே நேரத்துல உதிக்கறதில்லைங்கறது எங்கூட்டுச் சேவலுக்கே தெரியும்.

சரி, முக்கியமான பழமைக்கு வா. என்னவாகப் போறே? "டாக்டர்"ங்கறான் உங்கொப்பன். "எங்க?" "இங்கதானுங்க, கோயமுத்தூருலயே சீட்டு கெடைச்சாத் தேவலை"ங்கறான்.

அட சாமீ! கேட்டயா? உள்ளூர்ல டாக்டராகறதுக்கு உலகத்துப் படிப்பு. டாக்டர் சீட்டுக்கு இங்க நீட்டு. அதுல ஜெனீவாவும் இல்லை, டிஓகேவும் இல்லை. இயற்பியல், வேதியியல், உயிரியல், நாலுல ஒண்ணைக் கறுப்பாக்கு, அவ்வளவுதான். எதை அறிவுன்னு எடுத்துக்கலாம்னு நீ அங்க ரோசனை பண்ணிட்டு உக்காந்தா மணி அடிச்சுரும். மூணு விஞ்ஞானமும் படிச்சிருக்கோணும்ங்கறாங்க. ஐபியில சாதாரணமா எடுக்கறது ஒண்ணு, மிஞ்சினா ரெண்டு. மூணும் வேணும்னா பள்ளிக்கூடம் முன்கூட்டியே எழுதிப் போட்டுத் தனியா ஒப்புதல் வாங்கோணும். அதை ஒரு பள்ளிக்கூடத்துல சேரறப்பச் சொல்லவே இல்லை, பன்னண்டாவது பாதியில சொன்னாங்க, என் மகளுக்குத் தெரிஞ்சவங்க புள்ளைக்கு. அந்தப் புள்ளை இப்ப எங்க இருக்குது தெரியுமா? நாமக்கல்லுல, நீட் கோச்சிங்கு. ஹாஸ்டல்ல எட்டு பேரு ஒரு ரூமு. ஏசி கெடையாது. உடுமலையில இருந்து நேரா நாமக்கல் போற பஸ்ஸை விட்டுப்போட்டு ஜெனீவா வழியாப் போயிருக்குது.

அதே டாக்டர் சீட்டுக்கு இன்னொரு வழி இருக்குது. ஆறாவதுல இருந்து பன்னண்டாவது வரைக்கும் கவர்மென்டுப் பள்ளிக்கூடத்துல படிச்சு நீட் பாசான புள்ளைக்கு 2020ல இருந்து 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு. நம்ம ஊரு பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பீஸு எவ்வளவு? இதை உங்கொப்பன்கிட்டச் சொன்னேன். மொகத்தைச் சுளிச்சான். உனக்கு இப்ப காலம் தாண்டிருச்சு, உன் தம்பிக்காச்சும் சொல்லி வை.

இன்ஜினியரிங்னா? கணக்கு நூறு, இயற்பியல் அம்பது, வேதியியல் அம்பது, எரநூறுக்குக் கட்ஆப் போடுவாங்க. பிளஸ் டூ ரிசல்டு மே மாசமே வந்துரும். ஐபி ரிசல்டு ஜூலை அஞ்சாந்தேதியை ஒட்டித்தான். அதுக்குள்ள இங்க விண்ணப்பம் முடிஞ்சு போற வருசமும் உண்டு. கணக்குலயே அங்க ரெண்டு வகை இருக்குது. வெளிநாட்டுலயே பல இன்ஜினியரிங் காலேஜுக அதுல கஷ்டமானதைத்தான் கேக்கும். சுலபமா இருக்குதேன்னு இன்னொண்ணை எடுத்துப்போட்டு அப்பறம் வெசனப்பட்டுப் பிரயோசனமில்லை. பட்டயம் செல்லாதான்னு பயப்படாதே, செல்லும். இந்தியப் பல்கலைக்கழகங்களோட சங்கம் 1983லயே பிளஸ் டூவுக்குச் சமம்னு ஒத்துக்கிட்டுது. செல்லறது வேற, ஒதவறது வேற.

நெசமாவே வெளிநாடு போறவனுக்கு? அப்ப இது நல்ல சரக்கு, நான் மறுக்கல. இங்கிலாந்துல ஐபிப் பாயின்டுலயே பேசறாங்க. ஆக்ஸ்போர்டுக்காரன் 38ல இருந்து 40 வரைக்கும் கேக்கறான். அமெரிக்காவுல பல காலேஜுக, பெரிய அளவுப் பாடத்துல நல்ல மார்க்கு வாங்கினா மொத வருசத்துப் பாடம் ஒண்ணு ரெண்டைக் கழிச்சுக்கறாங்க. ஆனா அங்கயும் ஒரு வலை இருக்குது. இடம் குடுக்கறது வாத்தியாரு முன்கூட்டிப் போடற எதிர்பார்ப்பு மார்க்கை வெச்சு. நெசமான மார்க்கு அதுக்குக் கீழ எறங்கினா, குடுத்த இடத்தைத் திருப்பிக் கேப்பாங்க. அதனால அள்ளிப் போடற வாத்தியாரை நம்பாதே. உனக்கு 41 வருங்கண்ணுன்னு சொல்றவரை விட, நீ 33தாண்டான்னு மூஞ்சிக்கு நேராச் சொல்றவரு எந்தப் பள்ளிக்கூடத்துல இருக்காருன்னு விசாரி.

அங்க படிக்கறதுக்கு ஆகற செலவு தனி. இந்த ரெண்டு வருசத்துக்கே தோப்பு போகுதுன்னா, அந்த நாலு வருசத்துக்கு எதை விக்கறதுன்னு உங்கொப்பன்கிட்டக் கேளு. கெணறா? கட்டுத்தாரையா?

இப்ப எந்திரிச்சுப் போய், நான் சொல்றதை ஒரு காயிதத்துல எழுதிக்க. உங்க பள்ளிக்கூடத்துல போன ரெண்டு வருசம் எத்தனை புள்ளை எழுதினாங்க, சராசரி என்ன? ஒசந்த புள்ளையோட மார்க்கு வேண்டாம், அது போர்டுலயே இருக்குது. எதிர்பார்ப்பு மார்க்குக்கும் நெசமான மார்க்குக்கும் எத்தனை வித்தியாசம் வந்துது? இயற்பியல், வேதியியல், உயிரியல் மூணும் எடுக்க வுடுவீங்களா, எழுத்துல குடுப்பீங்களா? போன வருசம் இருந்த கணக்கு வாத்தியாரு இந்த வருசமும் இருக்காரா? நடுவுல நின்னுக்கிட்டா கட்டின பணம் திரும்பி வருமா? அஞ்சுக்கும் சிரிச்சுக்கிட்டே "கண்டிப்பா சார்"னு சொன்னாங்கன்னா, எந்திரிச்சு வந்துரு. ரெண்டுக்காச்சும் மூஞ்சி சுண்டுச்சுன்னா, உக்காந்து பேசு, அங்க யாரோ நெசம் பேசறாங்க.

போனை எடு. உங்கொப்பன் அட்வான்ஸ் கட்டறது நாளைக்குப் பத்து மணிக்காம்.